கை நனைக்காத மதியம்

முதலில் ரொட்டி வந்தது. ரொட்டியைத் தொட்டாலும் சாப்பிட்டதாகத்தான் ஆகுமா என்ற யோசனையில் திரவியம் இரண்டு கையையும் மேஜைக்கடியில் தொடைமேல் வைத்துக்கொண்டார். கைக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வலது கை தானாக மேலே வந்து தண்ணீர்க் கிளாஸைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. தண்ணீரும் வேண்டாமென்றுதான் அக்கா சொல்லியிருந்தாள். "மனசுக்குப் பிடிச்சா சாப்பிடு. பிடிக்கலேன்னா பச்சத் தண்ணிகூடப் பல்லுல படக் கூடாது. நீ கை நனைச்சேன்னு தெரிஞ்சா நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்லே, அவளைக் கட்டிக் கொடுத்துருவேன்." கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயில் நகர ஆரம்பித்த பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டுவலியோடு கூடவே நடந்து சொன்னாள் சந்தனமாரி. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் மனசு ஒத்தால்தான் கை நனைப்பது. நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் தாம்பூலம், நாள், முகூர்த்தம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிற வேலை. தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன்தான் போக வேண்டும். போக வேண்டிய இடம் விளாத்திகுளமாகவோ சிவகாசியாகவோ இருந்திருக்கலாம். அக்கா மகள் செண்பகவல்லி படிக்கப் போய், வேலை கிடைத்து, ஒருத்தனைப் பார்த்து வைத்திருந்தது பிரான்சு தேசத்தில் லியோன் என்கிற ஊரில். முந்தாநாள் வந்து இறங்கியதிலிருந்து திரவியத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு ஆறு ஓடுகிற ஊர். எந்தப் பாலத்தில் நடந்தாலும் மற்ற ஆறுதான் நினைவுக்கு வந்தது.

இருபத்தேழு வருஷமாக நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட். காலையில் படுத்து மூன்றரை மணிக்கு எழுகிற மனிதருக்கு நடுப்பகல் என்பது தூக்கத்துக்கு அடியில் கேட்கிற சத்தம், அவ்வளவுதான். எங்கோ ஒரு குக்கர் விசில், பள்ளிக்கூடத்து மணி, பழைய பேப்பர்காரனின் குரல். அதைக் கண் திறந்து பார்த்த பழக்கம் இல்லை. அதனால் சிவப்புக் கட்டம் போட்ட மேஜைத்துணியும், சுவரில் தொங்கிய செம்புச் சட்டிகளும், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வெயிலில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்த சைக்கிள்களும், இதெல்லாம் தூக்கத்தின் உள்பக்கம், ரொம்ப நாளாக இங்கேதான் இருந்திருக்கிறது, தான்தான் இன்றைக்கு விழித்துவிட்டோம் என்பதுபோல இருந்தது. ஏழெட்டு மேஜை. எல்லாவற்றிலும் ஆட்கள். அவர்கள் பேசுவது ஒன்றும் புரியவில்லை, புரியாததும் ஒரு நிம்மதியாக இருந்தது. மில்லில் முந்நூறு நூற்கும் கதிர் ஒரே மூச்சில் இரைந்து சுற்றுகிறபோது வாயால் பேசி என்ன ஆகப்போகிறது. உதட்டைப் பார்த்து, கையைப் பார்த்து, தோள் எப்படி நிற்கிறது என்று பார்த்துத்தான் எல்லாம். யாருக்கு வீட்டில் சண்டை, எவன் கடன்காரனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான், மேஸ்திரி இன்றைக்கு எந்த மூடில் இருக்கிறார், ஒரு வார்த்தை காதில் விழாமல் தெரியும். இங்கேயும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் இரண்டு கிழவிகள். ஒருத்திக்கு மற்றவள் பேரில் பொறாமை. அவர்கள் காலடியில் ஒரு நாய் படுத்திருந்தது. ஓட்டலுக்குள் நாய். அதற்கும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வந்தது, நாய் யோசிக்காமல் குடித்தது. நாய் யாரையும் கட்டிக்கொடுக்க வரவில்லை.

ஓட்டல் என்றால் சாப்பிடலாமா என்று நேற்றே போனில் கேட்டிருந்தார். "ஓட்டல்னா அது ஓட்டல்காரன் சோறு, தாராளமாச் சாப்பிடு. வீடுன்னாத்தான்" என்றாள் அக்கா. இது இரண்டுமாக இருந்ததுதான் சிக்கல். பையனின் அம்மா, ஒதில் என்பவள், நடத்துகிற கடை. அடுக்களைக்குப் பின்னால் மரப்படி ஏறினால் அவர்கள் வீடு; அவள் அந்தப் படியில் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்ததை அவரே பார்த்தார். பையன் பஸ்தியான் மேலே பிறந்து, கீழே இதே மேஜைகளில் வீட்டுப்பாடம் எழுதி, இப்போது அம்மாவோடு சமைக்கிறான். அப்படியானால் மேலே வீடு, கீழே ஓட்டல், நடுவில் அந்தப் படி. சட்டி எந்தப்பக்கம்? எல்லாருக்கும் கொதிக்கிற சட்டியிலிருந்து எடுத்தால் ஓட்டல். தனக்கென்று தனியாக வைத்திருந்தால் வீடு. ஆனால் பரிமாறுகிற கை அதே கை. இந்த இடத்தில் யோசனை நூல் அறுந்தமாதிரி அறுந்தது. முடிச்சுப் போட்டுத் திரும்ப ஓடவிட்டார், திரும்ப அதே இடத்தில் அறுந்தது.

"வணக்கம் மாமா" என்று பஸ்தியான் வந்து வெள்ளையாக ஏதோ இருந்த ஒரு கிண்ணத்தை வைத்தான். முப்பது வயது, செம்பட்டைத் தாடி, மாவு படிந்த முழங்கை. பலமுறை சொல்லிப் பார்த்த வணக்கம், திருத்தமாக இருந்தது. செண்பா பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள்.

"இது தயிர்க்கட்டி மாதிரி மாமா. பூண்டு, வெங்காயத்தாள்லாம் போட்டது. இந்த ஊர்ல முந்தி பட்டு நெய்யுறவக நெறைய. இதுக்கு நெசவாளி மூளைன்னு பேரு."

"யாரு வச்ச பேரு?"

"தெரியலையே."

"நெசவாளி வச்சிருக்க மாட்டான். முதலாளி வச்சிருப்பான்."

செண்பா சிரித்துவிட்டு அதை அந்த பாஷையில் சொன்னாள். நெற்றிமேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்ற ஒதில் ஒரு கணம் அவரைப் பார்த்தாள், பிறகு மேஜையில் ஓங்கித் தட்டிச் சிரித்தாள், கிழவிகளின் மேஜைக்குத் திரும்பி அதையே அவர்களுக்கும் சொன்னாள். கிழவிகளும் சிரித்தார்கள். நாய் தலையைத் தூக்கியது. திரவியத்துக்கு உடம்பெல்லாம் சூடாயிற்று. இப்படிச் சிரிக்க வைத்துவிட்டோமே, சிரித்தபிறகு எப்படி வேண்டாமென்பது. ஒதில் அவர் தட்டைப் பார்த்து, ரொட்டியைப் பார்த்து, செண்பாவிடம் ஏதோ கேட்டாள். "சமையலைப் பார்த்துப் பயந்துட்டாரான்னு கேக்காக மாமா. முப்பத்தஞ்சு வருஷத்துல இங்க சாப்பிட்டு ரெண்டே பேருதான் செத்திருக்காகளாம். ரெண்டு பேரும் வரி ஆபீஸ்காரங்களாம்." திரவியம் சிரித்தார். கை கிளாஸை விடவில்லை.

அடுத்து வந்தது குடல். வெங்காயத்தோடு பொன்னிறமாக வதக்கி, மேலே பச்சைத்தழை தூவி, ஓரத்தில் உருளைக்கிழங்கு. மாமாவுக்குக் குடல் பிடிக்கும் என்று செண்பா சொல்லி வைத்திருக்கிறாள். அப்படியானால் தனியாக வைத்தது, அப்படியானால் வீடு. அந்த மணம் மூக்கில் ஏறியது. ஊரில் இப்போது மணி நாலு. எழுந்து, குளித்து, முதல் சோற்றுக்கு உட்காருகிற நேரம். இதற்குப் பயந்துதான் காலையில் தங்கியிருந்த அறையில் இரண்டு வாழைப்பழமும் ரொட்டியும் அடைத்துக்கொண்டு வந்திருந்தார், பசி கண்ணில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாதென்று. வயிறு அதையெல்லாம் வேறு யாரோ சாப்பிட்டதுபோலப் பேசாமல் இருந்துவிட்டு இப்போது கேட்டது. பசிதான் பயம். அவருக்கு இந்தப் பையன்மேல் பயமில்லை, இந்த ஊர்மேல் இல்லை, சாதி சனம் என்ன சொல்லும் என்றுகூட அவ்வளவாக இல்லை. தன் பசிமேல்தான். ஏனென்றால் அக்கா சந்தனமாரியை விளாத்திகுளத்தில் கட்டிக்கொடுத்தது பெரியப்பா இல்லை, ஜாதகம் இல்லை, இருபத்திரண்டு வயதில் திரவியத்துக்கு எடுத்த பசி. மில்லில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். மாற்று ஆள் வராததால் இரண்டு ஷிப்ட் சேர்ந்து நின்றுவிட்டு, முகத்தில் பஞ்சோடு அப்படியே பஸ் ஏறி மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன நாள். பெரியவர்கள் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இலை போட்டிருந்தது. யாரோ ஒரு அம்மா, வாப்பா உட்காரு, முகமே வாடிக் கிடக்கே என்றாள். வெள்ளைச் சோறு, கோழிக்குழம்பு. அந்தக் குழம்பின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது, அதுதான் கேவலம், அவ்வளவு ருசி. அந்த வீட்டுச் சுவர், அந்த அம்மாவின் வளையல், தூணில் சாய்ந்து நின்ற மாப்பிள்ளை, எல்லாம் அந்த நேரம் நல்லதாகத் தெரிந்தது. மூன்றாவது தடவை சோறு வாங்கிக்கொண்டிருந்தபோது பெரியவர்கள் உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் உரக்கச் சிரித்தார்: மச்சினப்பிள்ளை கை நனைச்சாச்சு, இனி என்ன பேச்சு. பெரியப்பாவும் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து துட்டி கேட்கப் போன ஒரு சாவு வீட்டில், பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, சும்மா சொல்கிறமாதிரி சொன்னார்: "டீக்கடையில மாப்பிள்ளையப் பத்தி விசாரிச்சிட்டேன், வேண்டாம்னு சொல்லத்தான் உள்ள வந்தேன். நீ ரசத்துக்குப் போயிருந்த."

அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியுமா என்பதே தெரியாது. தெரிந்துதான் இப்போது இவரையே அனுப்பினாளோ. தெரிந்தால் அனுப்புவாளா. தெரிந்ததால்தானோ. அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு வந்தது, சிவப்புக் கட்டங்கள் மெதுவாக ஒன்றுக்குள் ஒன்று போய்க் கொண்டிருந்தன. ஒதில் அடிப்பாகம் தடித்த ஒரு பாட்டிலிலிருந்து எல்லார் கிளாஸிலும் வைன் ஊற்றினாள். நாவற்பழ நிறம். செண்பா கிளாஸிலும் ஒரு விரல்கடை ஊற்றினாள், செண்பா அவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். பையன் குடிப்பானா என்று அக்கா கேட்பாள், அதுதான் முதல் கேள்வியாக இருக்கும். என்ன சொல்வது. இங்கே கிழவிகள் குடிக்கிறார்கள், சுவரோரம் கோட்டுப் போட்டவர் குடித்துக்கொண்டே பேப்பர் படிக்கிறார், அவன் அம்மாவே ஊற்றிக்கொடுக்கிறாள். பஸ்தியானின் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்களைக்கும் மேஜைக்கும் நடக்கிற நடையில் அவன் ஒரு வாய் குடித்தான். மறந்துபோனான். பாதிக் கிளாஸ் அப்படியே வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. நல்லதுதான் என்று தோன்றியது, தோன்றிய உடனே அது தன் பசி சொல்வதாகத் தோன்றியது. விளாத்திகுளத்தில் அத்தான் முதல் ஆறு மாதம் கலர் சோடாதான் குடித்தார், அதுவும் பாதி பாட்டில். பார்க்க வந்தவன் முன்னால் எவன் முழுக் கிளாஸ் குடிப்பான். பார்த்ததை வைத்து ஒன்றும் தெரியாது. பார்க்காமல் எதை வைத்துத் தெரிவது. இவன் கை பெரிய கை. வெட்டுக்காயமும் சுட்ட தழும்புமாக இருந்தது. வேலை செய்கிற கை. அத்தானுடையதும் வேலை செய்கிற கைதான்.

"மாமா" என்றாள் செண்பா தாழ்ந்த குரலில். "பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன."

"அப்பச் சாப்பிடுங்க. ஆறுது."

"சாப்பிடுதேன், இரு."

"அம்மா என்ன சொல்லி விட்டிருக்காகன்னு எனக்குத் தெரியாதா? நானும் அந்த வீட்டுலதான வளந்தேன்." கத்தியையும் முள்கரண்டியையும் அவள் நேராக்கி வைத்தாள், திரும்பவும் நேராக்கினாள். "உங்க கையையே பாத்துக்கிட்டு இருக்கேன் மாமா, ஒரு மணி நேரமா. பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட இப்படி இருந்ததில்ல."

"இவுகளுக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியாது. விரதம்னு சொல்லிட்டேன்."

"என்ன விரதம்?"

"சனிக்கிழமை விரதம்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைலா."

"அவுகளுக்கு என்ன தெரியப்போவுது."

அவளும் சிரித்தாள், இவரும் சிரித்தார். ஆனால் பஸ்தியான் முட்டாள் இல்லை. குடல் பிடிக்கும் என்று சொல்லி வைத்துவிட்டு அன்றைக்கே விரதம் இருப்பார்களா. அவன் செண்பாவிடம் ஏதோ கேட்டான். அவள் ஏதோ சொன்னாள். அவன் இன்னொரு தடவை கேட்டான், இந்த முறை மெதுவாக. அவள் நீளமாகச் சொல்ல ஆரம்பித்தாள், அவள் சொல்லச் சொல்ல அவன் கழுத்து சிவந்துகொண்டே வந்ததைத் திரவியம் பார்த்தார். இரண்டு பேரும் எழுந்து வெளியே போனார்கள். கதவு மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம், வெயிலில், இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். இது அவருக்குத் தெரிந்த பாஷை. பையன் உள்ளே அம்மா இருக்கிற பக்கம் கையைக் காட்டினான், மேலே வீட்டைக் காட்டினான். நேற்றிலிருந்து கழுவி வேகவைத்தாள், உனக்குத் தெரிந்தும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்கிறான். நியாயம்தான். செண்பா விரலை நீட்டி அவன் நெஞ்சுக்கு நேரே ஆட்டினாள்: சொன்னால் மட்டும் உனக்குப் புரியுமா. அவன் கத்தினான். அவள் அதைவிடக் கத்தினாள். சைக்கிளில் போன ஒருத்தர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அவன் ஏப்ரனை அவிழ்த்துச் சுருட்டினான், அதற்குள் இன்னும் ஏதோ கோபம் வந்து வலது கையை ஓங்கி வீசினான், தெருவைப் பார்த்தோ வானத்தைப் பார்த்தோ. அந்தப் பெரிய கை செண்பாவின் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றை அறுத்துக்கொண்டு போனது. திரவியம் பாதி எழுந்துவிட்டார். தொடை மேஜையில் இடித்துக் கிளாஸ் ஆடியது.

செண்பா அசையவில்லை. அவள் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. கண் இமைக்கவில்லை, கழுத்து உள்ளே போகவில்லை, தோள் ஏறவில்லை. கை போன பக்கம் அவள் பார்க்கக்கூட இல்லை. அது ஒரு கைதான் என்பதுபோல விரலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். திரவியம் எழுந்தது பாதி, உட்கார்ந்தது பாதியாக அப்படியே நின்றார். மில்லில் புதிதாக வந்தவன் முன்னொரு தடவை மெஷின் பெல்ட்டில் அடிபட்டவனா இல்லையா என்று கேட்கவே வேண்டியதில்லை, பெல்ட் ஓடுகிற பக்கம் அவனை நடக்கவிட்டால் போதும். அடிபட்டவன் முழங்கை தானாக விலா எலும்போடு ஒட்டிக்கொள்ளும், முப்பது வருஷம் ஆனாலும். அக்காவுக்கு அத்தான் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் திரவியம் கொடியில் கிடக்கிற துண்டை எடுக்கக் கையை நீட்டினால், பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிற அக்காவின் தலை ஒரு இஞ்சு கீழே இறங்கும். இறங்கியது அவளுக்கே தெரியாது. அவர் பார்க்காததுபோல் துண்டை எடுத்துக்கொண்டு போவார். இங்கே நாலு வருஷப் பழக்கம். நாலு வருஷத்தில் ஒருதடவை, ஒரே ஒரு தடவை அந்தக் கை அவள்மேல் பட்டிருந்தால் இப்போது அந்தத் தலை இறங்கியிருக்கும். அதை அவளால் மறைக்க முடியாது. யாராலும் முடியாது. வெளியே பஸ்தியான் களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தான். அவள் இன்னும் முடிக்கவில்லை.

திரவியம் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். குடல் ஆறிப்போய் வெங்காயத்தின் ஓரத்தில் எண்ணெய் வெள்ளையாக உறைய ஆரம்பித்திருந்தது. உள்ளே ஏதோ மாறியிருந்ததுபோல இருந்தது, என்னவென்று தேடினார். பசியைக் காணோம். ராத்திரி வேலைக்காரர்களுக்குத் தெரியும், பசி ஒரு நேரம்வரைக்கும் கேட்கும், கேட்டுக்கேட்டுப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும், அப்புறம் கறியும் மண்ணும் ஒன்றுதான். போய்விட்டது. வயிறு சுத்தமாக, அமைதியாக இருந்தது. வாயில் எச்சில்கூட ஊறவில்லை. விளாத்திகுளத்து இலைக்கு முன்னால் அவர் ஒரு கால்மணி நேரம், அரைமணி நேரம் பொறுத்திருந்தால் இந்த அமைதி அன்றைக்கும் வந்திருக்கும். பிறகு முள்கரண்டியை எடுத்தார். ஒதில் ஓடிவந்து தட்டைப் பிடித்தாள், சூடு பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று கையால் நெருப்பைக் காட்டினாள். அவர் தட்டின் இந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம். அவள் அந்த ஓரத்தை இழுத்தாள். இவர் விடவில்லை. அவள் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி அவரைக் கூர்ந்து பார்த்தாள். என்ன தெரிந்ததோ, தட்டை விட்டுவிட்டு உள்ளே போய்த் தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். முதல் வாய் சில்லென்று, கொஞ்சம் ரப்பராக, காடித் துளியின் புளிப்போடு இருந்தது. நன்றாகத்தான் இருந்திருக்கும், ஒரு மணி நேரம் முன்னால். மென்று விழுங்கினார். வயிறு வேண்டாமென்றது. இரண்டாவது வாய் எடுத்தார். ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தொட்டுக்கொண்டார். தண்ணீர் குடித்தார். ஒதில் உப்பைத் தள்ளிவைத்தாள்.

கதவு மணி அடித்தது. உள்ளே வந்த செண்பா மூக்கு சிவந்து, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றாள். பின்னால் வந்த பஸ்தியான் அவள் முதுகில் இடித்துக்கொண்டான். திரவியம் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்தால் கண் என்ன செய்யும் என்று தெரியவில்லை; கரண்டியில் ஒரு துண்டைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. வாய் நிறைய இருந்தது. எடுத்து அவள் பக்கம் நீட்டினார். செண்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தாள்.

"அம்மா" என்றாள். திரவியத்தின் கையைப் பார்த்தாள். "மாமா சாப்பிடுதாகம்மா."

ஒதில் மெல்லுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். பஸ்தியான் சுருட்டிய ஏப்ரனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு போனுக்குள்ளிருந்து சந்தனமாரியின் குரல், தூரமாக, ஆனால் மேஜை முழுக்கக் கேட்கிறமாதிரி வந்தது.

"அவசரப்படுத்தாதட்டி. மெதுவாச் சாப்பிடச் சொல்லு."